ட்ரிகர் நானே செய்தேன்: ஒரு அடிக்கு மூன்று சத்தம் வருகிறது, எங்கே பிழை?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. டிரம் அடியை உணர்ந்து கணினிக்குச் சொல்லும் ட்ரிகர் ஒன்றைச் செய்ய இரண்டு மாதமாக இதே வேலையாக இருக்கிறேன், இப்போது ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய டிரம் செட்டில் இருந்து 12 அங்குல டாம் ஒன்றை எடுத்து, தோலைக் கழற்றிவிட்டு இரண்டு அடுக்கு மெஷ் ஹெட் (தோலுக்குப் பதிலான வலை) மாட்டி, அதை ஸ்னேராக மாற்றினேன். உள்ளே குறுக்காக ஒரு அலுமினியப் பட்டை, அதன் நடுவில் 35 மி.மீ. பியசோ வட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சென்சார்), அதன் மேல் பார்சல் பெட்டியில் வந்த ஃபோமில் வெட்டிய கூம்பு. கூம்பின் முனை மெஷ்ஷைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதே முறையில் 10 அங்குலத்தில் ஒரு டாம், கிக்குக்கு ஒரு சிறிய பேட். மூளையாக ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சிறிய நிரல் பலகை. ஒவ்வொரு பியசோவுக்கும் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஜீனர் டயோடும் (அதற்கு மேல் மின்னழுத்தம் போகாமல் வெட்டுவதற்கு) போட்டிருக்கிறேன். கணினியில் யுஎஸ்பி மிடி (இசைக் கருவிகள் நோட்டுகளை அனுப்பும் முறை) கருவியாகத் தெரிகிறது, நோட் எண் ஸ்னேருக்கு 38, கிக்குக்கு 36, சத்தமும் வருகிறது. முதல் முறை வந்தபோது இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

ஆனால் வாசிக்க உட்கார்ந்தால்தான் பிரச்சினை. ஸ்னேரில் ஒரு அடி அடித்தால் இரண்டு, சில சமயம் மூன்று நோட் போகிறது. நடுவில் எப்படி அடித்தாலும் வெலாசிட்டி, அதாவது அடியின் வலு, உச்ச அளவான 127 தான், ஓரத்தில் அடித்தால் 30 தாண்டுவதில்லை. ஸ்னேரை ஓங்கி அடித்தால் டாமும் சேர்ந்து பேசுகிறது. மெதுவாகத் தட்டும் கோஸ்ட் நோட்டுகளில் பாதி வருவதே இல்லை. த்ரெஷோல்டை, அதாவது அடி என்று எண்ணத் தேவையான குறைந்தபட்ச அளவை, 60 இல் இருந்து 150க்கு ஏற்றிப் பார்த்தேன், இரட்டை அடி கொஞ்சம் குறைந்தது, ஆனால் மெதுவான அடிகள் மொத்தமாகப் போய்விட்டன. ஒவ்வொரு நோட்டுக்குப் பிறகும் 50 மில்லி விநாடி டிலே போட்டேன், அப்போது ஸ்னேரும் கிக்கும் ஒன்றாக விழும் இடத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போகிறது.

பிழை நிரலில் இருக்கிறதா, மின்சுற்றில் இருக்கிறதா, அல்லது டிரம்மை நான் கட்டிய விதத்திலா? ஒரு வழி காட்டுங்கள். இரவில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

முதல் பதில்

நண்பரே, மூன்று இடத்திலும் இருக்கிறது. நான் நிரல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதைக் கைவேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

முதலில் அந்தப் பியசோ என்ன அனுப்புகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். ஆர்டுயினோ மென்பொருளில் எண்களை வரைபடமாகக் காட்டும் சீரியல் ப்ளாட்டரைத் திறந்து ஸ்னேரின் எண்ணை மட்டும் ஓடவிட்டு ஒரு அடி அடியுங்கள். ஒரே ஒரு கூர்மையான மேடு வரும் என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் மேலே ஏறி, இறங்கி, மறுபடி கொஞ்சம் குறைவாக ஏறி, இப்படிப் பல பத்து மில்லி விநாடிகள் வரை அதிர்ந்து அடங்கும். உங்கள் நிரல் 60ஐத் தாண்டும் ஒவ்வொரு மேட்டையும் தனி அடி என்று எண்ணுகிறது. அதுதான் அந்த இரண்டாவது, மூன்றாவது நோட்.

டிலேயை முழுதாக எடுத்துவிடுங்கள். டிலே ஓடும்போது ஆர்டுயினோ வேறு எந்தப் பேடையும் பார்ப்பதில்லை, கிக் தொலைந்துபோவது அதனால்தான். அதற்குப் பதில் ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனியாக நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு மூன்று நிலைகளாக எழுதுங்கள். சும்மா இருக்கும் நிலையில் த்ரெஷோல்டைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தாண்டிய உடனே நோட் அனுப்பிவிடக் கூடாது, அது மேட்டின் அடிவாரம்தான், உச்சி இன்னும் வரவில்லை. அங்கிருந்து 2 மில்லி விநாடி வரை வரும் எண்களில் மிகப் பெரியதைப் பிடித்து வையுங்கள், இதைத்தான் ஸ்கேன் டைம் என்பார்கள். அந்த உச்சியை வெலாசிட்டியாக மாற்றி அனுப்பிவிட்டு, அடுத்த 25 அல்லது 30 மில்லி விநாடிக்கு அந்த ஒரு பேடை மட்டும் காது கேட்காததாக்கி விடுங்கள். இது மாஸ்க் டைம். வேகமாக வாசிக்கும்போது அடி தொலையுமோ என்று பயப்பட வேண்டாம், நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில் பதினாறாம் நோட்டு வாசித்தாலும் இரண்டு அடிகளுக்கு இடையே 75 மில்லி விநாடி இருக்கிறது.

மாஸ்க் முடிந்த பிறகும் அதிர்வின் வால் மிச்சம் இருக்கும். அதற்கு மாஸ்க்கை நீட்டாதீர்கள். த்ரெஷோல்டையே நகர வையுங்கள். உச்சி 800 என்றால், மாஸ்க் முடிந்ததும் த்ரெஷோல்ட் 400 இல் தொடங்கிப் படிப்படியாக 100 மில்லி விநாடிக்குள் உங்கள் வழக்கமான எண்ணுக்கு இறங்கட்டும். வால் அந்தச் சரிவுக்குக் கீழேயே அடங்கிவிடும், உண்மையான அடுத்த அடி அதைத் தாண்டி வந்துவிடும். ஓங்கி ஒரு அடி அடித்த உடனே மிக மெதுவாகத் தட்டினால் அது மட்டும் சிக்காமல் போகலாம், சரிவை எவ்வளவு வேகமாக இறக்குவது என்பதை உங்கள் கை பழக்கத்துக்குத் தகுந்தபடி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஆர்டுயினோ ஒரு முறை அனலாக் எண்ணைப் படிக்க வழக்கமான அமைப்பில் சுமார் 100 மைக்ரோ விநாடி எடுக்கும். மூன்று பேடுக்கு இது போதும். எட்டு, பத்து பேட் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஏடிசியின் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) ப்ரீஸ்கேலரை, அதாவது அதன் கடிகாரத்தை வகுக்கும் எண்ணை, 128 இல் இருந்து 16க்குக் குறைத்தால் பல மடங்கு வேகம் கிடைக்கும். எண்ணின் துல்லியம் கொஞ்சம் போகும், மிடிக்கு மொத்தமே 127 படிதான் என்பதால் அது நமக்கு ஒரு பொருட்டில்லை.

டாம் சேர்ந்து பேசுவதற்கு, டாமின் வயரைக் கழற்றிவிட்டு ஸ்னேரை அடித்துப் பாருங்கள். அப்போதும் டாம் நோட் வந்தால் சுற்றில் கோளாறு, வராவிட்டால் ஸ்டாண்டு வழியாக அதிர்வு போகிறது.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன நிரல் சரிதான், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் நிரலில் கை வைக்கும் முன் டிரம்மைத் திறங்கள் என்றுதான் நான் சொல்வேன். மோசமாக அதிரும் பேடை நிரலால் ஒடுக்கலாம், ஒடுக்கும்போது நல்ல அடிகளும் சேர்ந்து ஒடுங்கும். நான் இதுவரை கட்டிய பேடுகளில் ஃபோமை மாற்றியதால் கிடைத்த முன்னேற்றம் வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பார்சல் பெட்டியில் வரும் ஃபோம் பெரும்பாலும் விறைப்பானது, அமுக்கினால் துள்ளும். அது குச்சியின் அடியை வாங்கிப் பியசோவுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி மெஷ்ஷைத் தள்ளி, மெஷ் அதைத் தள்ளி என்று ஊஞ்சல் ஆடும். விரலால் அமுக்கிவிட்டால் மெதுவாக எழும் அடர்த்தியான மெத்து ஃபோம் வேண்டும், அதே சமயம் அமுங்கியபடியே நின்றுவிடுகிறதாகவும் இருக்கக் கூடாது. கூம்பின் அடிப்பாகம் வட்டின் அகலத்துக்கு, முனை ஒரு பொத்தான் அகலத்துக்கு. உயரத்தைச் சும்மா தொடும்படி வைக்காதீர்கள். ஷெல்லின் விளிம்புக்கு மேல் 2 அல்லது 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, அதன் மேல் மெஷ்ஷை இழுத்து மாட்டுங்கள், அப்போது கூம்பு எப்போதும் லேசாக அமுங்கியே இருக்கும். தொட்டும் தொடாமலும் இருக்கும் கூம்பு மெதுவான அடியில் மெஷ்ஷை விட்டு விலகிவிடும். உங்கள் கோஸ்ட் நோட் போவதற்கு இது ஒரு காரணம். மெஷ்ஷையும் இன்னும் இழுத்துக் கட்டுங்கள், தளர்ந்த மெஷ் ரொம்ப நேரம் ஆடும்.

வட்டை அலுமினியப் பட்டையில் எப்படி ஒட்டினீர்கள்? சூப்பர் பசையால் நேராக ஒட்டியிருந்தால், பட்டையின் அதிர்வு முழுவதும் வட்டுக்குப் போகும். வட்டும் விரைவில் விரிசல் விடும், அந்த வெள்ளைப் பகுதி பீங்கான் இல்லையா. இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பில் வையுங்கள், போதும்.

வயரை ஒருமுறை மாற்றிப் போட்டும் பாருங்கள். பித்தளைப் பக்கம், பீங்கான் பக்கம் இரண்டில் எதை உள்ளீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம், ஏனென்றால் ஆர்டுயினோ பூஜ்யத்துக்கு மேலே உள்ளதை மட்டும்தான் படிக்கும். தலைகீழாக இருந்தால் அடியின் முதல் பாதி, அதாவது பெரும்பாலும் அதிக வலுவான பாதி, பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். நீங்கள் படிப்பது திரும்பி வரும் பலவீனமான பாதியைத்தான். வயரை மாற்றச் சால்டர் வைக்கும்போது பீங்கான் மேல் உள்ள வெள்ளிப் பூச்சில் ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி. அதற்கு மேல் சூடு பட்டால் பூச்சு உரிந்துவிடும். மெல்லிய பல இழை வயர் நல்லது, சால்டர் இட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஹாட் க்ளூ விட்டால் இழுபட்டுப் பிய்யாது.

நடுவில் எப்போதும் 127 வருவதற்கு இரண்டு காரணம். ஒன்று, நடுவில் கூம்பு நேராகக் குச்சிக்குக் கீழே இருக்கிறது, நடு சென்சார் உள்ள எல்லாப் பேடிலும் இந்தச் சூடான புள்ளி (மற்ற இடங்களைவிட அதிக எண் காட்டும் இடம்) கொஞ்சம் இருக்கும். சிலர் இதற்காகவே சென்சாரை ஓரத்தில் வைக்கிறார்கள், அப்போது சூடான புள்ளி ஓரத்துக்குப் போகும், குச்சி அதிகம் படாத பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணம்தான் உங்களுக்குப் பெரியது: 35 மி.மீ. வட்டு ஓங்கி அடித்தால் பத்து வோல்ட்டுக்கும் மேலே எளிதாகப் போகும், ஜீனர் அதை 5இல் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட பிறகு மெதுவான அடிக்கும் ஓங்கிய அடிக்கும் வித்தியாசமே கிடையாது, அதை எந்த நிரலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சமிக்ஞையைக் குறைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

மூன்றாம் பதில்

குறைப்பது எப்படி என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் ஒரு வருடம் தவறாகச் செய்துகொண்டிருந்தேன்.

பலர் 1 மெகாஓம் ரெசிஸ்டரைச் சிறிதாக்கிப் பார்ப்பார்கள். பியசோ என்பது மின்சுற்றின் பார்வையில் ஒரு கெப்பாசிட்டர், இந்த அளவு வட்டுகள் சுமார் 20 நானோஃபேரட் இருக்கும், வட்டுக்கு வட்டு மாறும். 1 மெகாஓமோடு சேர்ந்தால் அது வடிய 20 மில்லி விநாடி ஆகும், நமக்குச் சரியான அளவு. அதையே 10 கிலோஓம் ஆக்கினால் 0.2 மில்லி விநாடியில் வடிந்துவிடும், மெஷ்ஷின் தாழ்ந்த அதிர்வு காணாமல் போய்க் குச்சியின் டிக் சத்தம் மட்டும் மிஞ்சும். அதனால் வட்டுக்குக் குறுக்கே 47 நானோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். அடியில் பிறக்கும் மின்னூட்டம் இரண்டுக்கும் பங்கு போய், மின்னழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். அப்போது வடியும் நேரம் நீளும், அதனால் 1 மெகாஓமை 330 கிலோஓமாக மாற்றுங்கள், பழைய 20 மில்லி விநாடியே திரும்பக் கிடைக்கும். அப்படியும் வெட்டினால் 100 நானோஃபேரட்.

5.1 ஜீனரைப் பற்றியும் ஒன்று. இந்தச் சிறிய வோல்ட் ஜீனர்கள் 5.1 வரை பொறுத்திருந்து சட்டென்று திறப்பவை அல்ல, 3, 4 வோல்ட்டிலேயே சில மைக்ரோ ஆம்பியர் கசியும். வேறு வேலைகளில் அது தெரியாது, பியசோ கொடுப்பதே அவ்வளவு கொஞ்சம் என்பதால் நம் விஷயத்தில் மேல்பாதி வெலாசிட்டி நசுங்கிவிடும். அதற்குப் பதில் பாட் 85 (BAT85) போன்ற ஷாட்கி டயோடு இரண்டை, ஒன்று 5 வோல்ட்டுக்கும் ஒன்று தரைக்குமாகப் போட்டு, வட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே 10 கிலோஓம் தொடராகக் கொடுங்கள். எதிர்மறைப் பாதியையும் அது பார்த்துக்கொள்ளும். பிற்பாடு 3.3 வோல்ட்டில் ஓடும் பலகைக்கு, உதாரணமாக டீன்ஸி 4.0, மாறுவதாக இருந்தால் மேல் டயோடு கட்டாயம் 3.3 வோல்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதன் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்காது, 5.1 ஜீனர் அங்கே காவலே இல்லை.

முதல் பதிலில் சொன்ன வயர் கழற்றும் சோதனையை மட்டும் நான் மறுக்கிறேன், மன்னிக்கவும். லியோனார்டோவின் உள்ளே எல்லா அனலாக் கால்களுக்கும் ஒரே ஏடிசிதான், அது முந்தைய காலில் எடுத்த கொஞ்ச மின்னூட்டத்தைத் தன் சிறிய கெப்பாசிட்டரில் சுமந்துகொண்டே அடுத்த காலுக்கு வருகிறது. அங்கே பியசோ மாட்டியிருந்தால் அதன் 20 நானோஃபேரட் அந்தத் துளியை விழுங்கிவிடும். நீங்கள் வயரைக் கழற்றினால் அங்கே வெறும் 1 மெகாஓம்தான் மிச்சம், பழைய துளி அப்படியே தெரியும். அப்போது டாம் நோட் வரும், சுற்றில் கோளாறு என்று முடிவு கட்டி நல்ல சுற்றைப் பிரித்துப் போடுவீர்கள். வயரைக் கழற்றாமல், டாமை ஸ்டாண்டில் இருந்து எடுத்து ஒரு தலையணை மேல் வைத்துவிட்டு ஸ்னேரை அடியுங்கள். தலையணையில் இருக்கும்போதும் டாம் பேசினால் சுற்று, அமைதியானால் ஸ்டாண்டு. பயன்படுத்தாத கால்களைத் தரையோடு இணைத்துவிடுங்கள், அல்லது நிரலில் படிக்கவே படிக்காதீர்கள்.

முதல் பதில் எழுதியவர்

ஒப்புக்கொள்கிறேன், மாட்டாத உள்ளீட்டில் அப்படி வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. தலையணைச் சோதனையைச் செய்யுங்கள்.

கேட்டவர்

ஐந்து நாள் கழித்து வருகிறேன், அனைவருக்கும் நன்றி. செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சனிக்கிழமை ஸ்னேரைத் திறந்தேன். வட்டு சூப்பர் பசையில்தான் இருந்தது, எடுக்கும்போதே உடைந்தது. புதிதாக ஒன்றை ஃபோம் டேப்பில் வைத்து, வேறு ஃபோமில் கூம்பு வெட்டி, 3 மி.மீ. மேலே நிற்கும்படி மாட்டினேன். நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, அப்படியே அடித்துப் பார்த்தால் மூன்று நோட் வந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்று, எப்போதாவது இரண்டு. ப்ளாட்டரில் வால் பாதியாகக் குறைந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. பிறகு வயரை மாற்றிப் போட்டேன், என்னுடையது இத்தனை நாளும் தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது! மெதுவாகத் தட்டும் அடியின் எண் ஏறக்குறைய இரட்டிப்பானது. இந்த இரண்டு மாதமும் த்ரெஷோல்டோடு போராடியது இதற்காகத்தான் என்று நினைத்தால் மனசு கனக்கிறது, ஆனால் இப்போது கோஸ்ட் நோட் கேட்கிறது, அது போதும்.

டிலேயை எடுத்துவிட்டு மூன்று நிலையாக எழுதினேன். ஸ்கேன் 2, மாஸ்க் 25, சரிவு 80 மில்லி விநாடி. இரட்டை அடி இப்போது இல்லவே இல்லை. 47 நானோஃபேரட்டும் 330 கிலோஓமும் போட்ட பிறகு நடுவில் ஓங்கி அடித்தால் 120 பக்கம், சாதாரணமாக அடித்தால் 80, 90. ஓரம் இன்னும் குறைவுதான், ஆனால் வாசிக்கும்போது உறுத்தவில்லை. ஷாட்கி டயோடு இன்னும் கைக்கு வரவில்லை.

தலையணைச் சோதனையில் டாம் அமைதியாகிவிட்டது. ஆக, ஸ்டாண்டுதான். க்ளாம்ப் பிடிக்கும் இடத்தில் ரப்பர் ஷீட் சுற்றினேன், பெருமளவு குறைந்தது, மிக ஓங்கி அடித்தால் மட்டும் இன்னும் ஒரு சின்ன டாம் வருகிறது. இதை என்ன செய்வது? அப்புறம், ரிம் ஷாட்டுக்கு (விளிம்பையும் சேர்த்து அடிப்பது) தனி சத்தம் வேண்டும் என்றால் இன்னொரு வட்டு போட்டால் போதுமா?

மூன்றாம் பதில் எழுதியவர்

மிச்சம் உள்ள அந்தச் சின்ன டாமை இப்போது நிரலில் பிடிக்கலாம், இதுதான் அதற்குச் சரியான நேரம். டாமில் உச்சி கிடைத்ததும் உடனே அனுப்பாமல், கடந்த 5 மில்லி விநாடிக்குள் ஸ்னேரில் ஏதாவது பெரிய உச்சி வந்ததா, அல்லது இந்த நொடியில் ஸ்னேரும் ஸ்கேன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். டாமின் எண் ஸ்னேரின் எண்ணில் கால் பங்குக்கும் குறைவு என்றால் அதை விட்டுவிடுங்கள். இரண்டையும் உண்மையாகவே சேர்த்து அடித்தால் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும், அதனால் இரண்டையும் சேர்த்து வாசிப்பது கெடாது. ரப்பர் போடுவதற்கு முன்பு இதைச் செய்திருந்தால் கால் பங்கு போதாமல் பாதி வரை ஏற்றியிருப்பீர்கள், அப்போது மெதுவான டாம் அடிகள் செத்திருக்கும்.

இரண்டாம் பதில் எழுதியவர்

ரிம்முக்கு இன்னொரு வட்டு போதும், 27 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கூம்பின் பக்கமே கொண்டுபோகாமல் ஷெல்லின் உட்சுவரில், அல்லது பட்டை ஷெல்லைத் தொடும் இடத்தில் ஃபோம் டேப்பில் ஒட்டுங்கள். மூன்று தொடர்பு உள்ள ஸ்டீரியோ ஜாக் ஒன்றில் முனைக்கு ஹெட், வளையத்துக்கு ரிம், உடம்புக்குத் தரை என்று கொடுத்தால் ஒரே கேபிளில் இரண்டும் வந்துவிடும். பிற்பாடு கடையில் வாங்கிய டிரம் மாட்யூலில் (சத்தம் தரும் பெட்டி) மாட்ட நினைத்தாலும் இரண்டு பியசோ ஸ்னேருக்குப் பல மாட்யூல்கள் எதிர்பார்க்கும் வரிசை இதுதான்.

எதை அடித்தாலும் இரண்டு வட்டும் அதிரும், அதனால் ரிம் வட்டில் எண் வந்தாலே ரிம் ஷாட் என்று எடுக்காதீர்கள். இரண்டின் உச்சியையும் ஒரே ஸ்கேனில் எடுத்து, ரிம்மின் எண் ஹெட்டின் எண்ணோடு என்ன விகிதத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஹெட்டில் மட்டும் இருபது அடி, ரிம்மோடு சேர்த்து இருபது அடி அடித்து எண்களை எழுதிப் பார்த்தால் கோட்டை எங்கே போடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேட்டவர்

புரிந்தது. 27 மி.மீ. வட்டு இரண்டு ஏற்கெனவே பெட்டியில் கிடக்கிறது, இன்றிரவே ஒட்டிவிட்டு நாற்பது அடியின் எண்களையும் இங்கேயே போடுகிறேன்.